விளக்கை எங்கே நிறுத்துவது?

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

ராமநாதபுரத்தில் பரதநாட்டிய வகுப்பு நடத்தும் நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. சென்ற ஆண்டு விழாவில், பிள்ளைகள் மாதக்கணக்கில் பாடுபட்டுப் பழகிய வர்ணம், சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறி அடித்த எல்.இ.டி. வெளிச்சத்தில் கரைந்து போனதை எழுதியிருந்தீர்கள். பெற்ற பிள்ளையின் முகத்தையே பார்க்க முடியவில்லை என்று ஒரு தாய் வருந்தியதையும் எழுதியிருந்தீர்கள். இந்த ஆண்டு என்னென்ன விளக்குகளை வாடகைக்கு எடுக்கலாம் என்று பட்டியல் கேட்கிறீர்கள். தருகிறேன். ஆனால் எத்தனை விளக்கு என்பதைவிட, அவை எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்பதுதான் உங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தை வாழவைக்கும் அல்லது கெடுக்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் அதிகம் பேசப்போகிறேன்.

உங்கள் பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கலாம். ஆட்டத்துக்கும் ஒளிக்கும் உள்ள உறவைக் கற்க உத்தரகோசமங்கையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மங்களநாதர் கோயிலின் மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருப்பவர். மார்கழித் திருவாதிரைக்கு முந்தைய நாள் காப்பைக் களைந்து, அபிஷேகங்கள் செய்து, விடிவதற்குள் புதுச் சந்தனம் சாத்திவிடுவார்கள். மேளச் சத்தத்தின் அதிர்வைக்கூட மரகதம் தாங்காது, அதனால்தான் இந்தச் சந்தனம் என்று ஊரில் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வரிசையில் நின்று போகிறவர்களுக்குக் கிடைப்பது சில நொடித் தரிசனம். அடுத்த முறை போகும்போது அந்த நொடிகளில் தீபத்தைக் கவனியுங்கள். சுடர் கீழேயிருந்து ஏறும்போது தூக்கிய திருவடி முதலில் தெரிகிறது. பிறகு இடை, வீசிய கை, முகம். பக்கவாட்டில் சுற்றும்போது ஒரு தோளின் விளிம்பு ஒளிர்ந்து மறுதோள் நிழலுக்குள் போகிறது. சிலை அசையவில்லை, விளக்குதான் அசைகிறது. பார்க்கிற கண்ணுக்கோ அவர் ஆடுகிறார்.

மேடையில் இதுவே தலைகீழாக நடக்கிறது. விளக்கு நிற்கிறது, ஆடுகிறவர் அசைகிறார். இரண்டிலும் விதி ஒன்றுதான்: உடம்புக்கும் ஒளிக்கும் இடையேயுள்ள கோணம் மாறும்போது வெளிச்சமும் நிழலும் உடம்பின் மேல் இடம் மாறுகின்றன, அந்த மாற்றத்தைத்தான் நம் கண் அசைவாக, கனமாக, வளைவாக வாசிக்கிறது. நேர் முன்னாலிருந்து பளீரென்று வெள்ளை விளக்கைப் பாய்ச்சினால் பிள்ளை எவ்வளவு திரும்பினாலும் நிழல் அவள் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. கை முன்னே நீள்கிறதா, மார்போடு ஒட்டியிருக்கிறதா என்பதே பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது.

இதற்கு மாறான ஒரு சான்றும் உங்கள் ஊரிலேயே உண்டு. அரண்மனையின் ராமலிங்க விலாசச் சுவர் ஓவியங்களைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அந்த உருவங்களுக்கு நிழல் கிடையாது; கோடும் நிறமும்தான். ஓவியர் தமக்குப் பிடித்த ஒரு கணத்தைத் தேர்ந்து, அந்தக் கணத்துக்கு மிகச் சிறந்த கோட்டை வரைந்துவிட்டார். அங்கே நிழல் தேவைப்படவில்லை. மேடையில் ஆடும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. ஒரு கணத்திலிருந்து அடுத்த கணத்துக்கு அவள் போய்க்கொண்டே இருக்கிறாள். அவளுடைய கோட்டை வரைந்து தருவது ஒளியின் வேலை.

நம் ஆட்டத்தின் பழைய நாட்களில் விளக்கு ஆடுகிறவருக்கு மிக அருகில் இருந்தது. பல கோயில்களில் கும்ப ஆரத்தி எடுக்கும் உரிமை தேவரடியாருக்கே இருந்தது. ஆடியவரே சுடரையும் ஏந்தினார். ஒளி ஓர் உருவத்தின் மேல் ஏறி இறங்கும்போது என்ன ஆகிறது என்பதை அவர் கை அறிந்திருந்தது. நடராஜர் திருமேனியிலும் மேல் வலக்கையில் உடுக்கை, மேல் இடக்கையில் தீ. தாளத்தையும் ஒளியையும் ஆடுகிறவர் கையிலேயே கொடுத்த மரபு இது. வெளிச்சம் என்பது மைக்செட்காரர் கடைசி நிமிடத்தில் பார்த்துக்கொள்ளும் காரியம் என்று நாம் விட்டுவிட்டது மிகச் சமீபத்தில்தான். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கேரளத்துக் கதகளியில் அந்த நெருக்கம் இன்னும் இருக்கிறது. மேடையின் முன்னே நடுவில் ஒரு பெரிய விளக்கு. ஒரு திரி நடிகரை நோக்கி, ஒன்று சபையை நோக்கி. நடிகர் கண்ணின் நுட்பத்தைக் காட்ட வேண்டுமானால் விளக்கை நெருங்கி வருகிறார். முகத்தைச் சுற்றி வெள்ளையாகக் கட்டும் சுட்டி, கீழிருந்து வரும் அந்த ஒளியை வாங்கி முகத்துக்குத் திருப்பித் தருகிறது. விளக்கிலிருந்து தூரம் இருமடங்கானால் முகத்தில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே ஓரடி முன்னே வைப்பதும் பின்னே வைப்பதும் அங்கே நடிப்பின் பகுதி. ஒப்பனையும் விளக்கும் நடிகரின் நிற்குமிடமும் ஒன்றாகச் சேர்ந்து வளர்ந்த கலை அது.

பரதநாட்டியத்தின் கதை வேறு. அதன் முன்வடிவமான சதிர்க் கச்சேரியில் நட்டுவனாரும் மேளக்காரர்களும் ஆடுகிறவருக்குப் பின்னால் நின்று, அவரோடு கூடவே நகர்ந்தார்கள். 1935 டிசம்பர் 30 அன்று அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி பரதநாட்டியம் ஆட மேடையேறினார். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் அவர் செய்த மாற்றங்களில் ஒன்று, பக்கவாத்தியக்காரர்களை மேடையின் ஓரத்தில் உட்காரவைத்தது. அலெக்ஸ் எல்மோர் போன்றவர்கள் மேடை ஒளியில் அவருக்குத் துணையாக இருந்தார்கள். இந்த மாற்றத்தை மரியாதை, ஒழுங்கு என்ற கோணத்தில் மட்டுமே பலர் பேசுகிறார்கள். ஒளியைப் பொறுத்தவரை அதன் விளைவு மிகப் பெரியது. ஆடுகிறவரின் பின்னால் முதன்முதலாக ஒரு வெற்றிடம் பிறந்தது. அந்த இடத்தை இருளால் நிரப்பலாம், நிறத்தால் நிரப்பலாம், ஒன்றுமே செய்யாமல் விடலாம். நீங்கள் இன்று அந்த இடத்தில் பெயர்ப்பலகை போட்ட ஃபிளெக்ஸ் திரையைக் கட்டுகிறீர்கள். தயவுசெய்து அதை வாசலில் கட்டுங்கள். கறுப்பு அல்லது ஆழ்ந்த நீலத் துணி ஒன்று பின்னால் இருந்தால் போதும். பளபளக்கும் ஃபிளெக்ஸ் ஒவ்வொரு விளக்கையும் திருப்பி அடித்து, பிள்ளையின் உருவத்தைப் பின்னணியோடு ஒட்டவைத்துவிடும்.

இனி விளக்குகளுக்கு வருகிறேன்.

அபிநயத்துக்கு முகம் வேண்டும். அதற்கு முன்னாலிருந்து ஒளி வர வேண்டும், ஆனால் நேர் எதிரே ஒரே விளக்காக வேண்டாம். சபையின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, முகத்துக்குச் சுமார் 45 பாகை உயரத்தில். அதைவிடச் செங்குத்தாக, தலைக்கு மேலிருந்து அடித்தால் புருவத்தின் நிழல் கண்ணில் விழும். மை தீட்டிய கண் இரண்டு கரும்பள்ளங்களாகத் தெரியும். பார்வையை நம்பி நிற்கும் பதம் அங்கேயே செத்துப்போகும். மிகத் தாழ்வாக, தரையிலிருந்து முகத்தை நோக்கி அடித்தால் சிறு பெண்ணின் முகம்கூட அச்சம் தரும். அலாரிப்பில் கண்ணும் கழுத்தும்தான் முதலில் அசைகின்றன என்பதை மறவாதீர்கள். விளக்கு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்போதே அவள் தொடங்கிவிட்டால் அந்தக் கண் அசைவை யாரும் பார்க்கமாட்டார்கள். முகவெளிச்சம் முழுமையாக நின்ற பிறகே தட்டுக்கழி விழட்டும்.

உடம்புக்குப் பக்கவாட்டு ஒளி வேண்டும். மேடையின் இரண்டு ஓரங்களிலும், பக்கத் திரைகளுக்கு இடையில், ஸ்டாண்டில் விளக்குகளை நிறுத்திக் குறுக்காக அடிப்பது. மார்த்தா கிரகாமின் நடனங்களுக்குப் பல பத்தாண்டுகள் ஒளி அமைத்த ஜீன் ரோசந்தால் போன்றவர்கள் இதை நடன மேடையின் அடிப்படையாகவே ஆக்கினார்கள். ஓரத்திலிருந்து ஒளி வந்தால் தோளும் இடுப்பும் முழங்காலும் தனித்தனியாகத் திரண்டு நிற்கும். அரைமண்டியில் உடையின் விசிறி விரியும்போது ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் கிடைக்கும். நாட்டடவில் நீளும் கால், முன்னே நீள்கிறதா பக்கமாக நீள்கிறதா என்பது கடைசி வரிசைக்கும் தெரியும்.

ஆனால் ஒன்றில் மேல்நாட்டு வழக்கத்தை அப்படியே எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பாலே போன்ற ஆட்டங்களுக்கு, பக்க விளக்கைத் தரைக்குச் சற்று மேலேயே வெட்டித் தரையில் வெளிச்சம் விழாமல் செய்வார்கள். தரை இருண்டு உடம்பு மட்டும் ஒளிரும்போது ஆடுகிறவர் காற்றில் மிதப்பதுபோல் தோன்றும். அந்த ஆட்டத்தின் ஆசையே மண்ணைவிட்டு எழுவதுதான், அதற்கு அது பொருத்தம். நம் ஆட்டம் மண்ணைத் தட்டுகிறது. தட்டடவில் பாதம் முழுதாகத் தரையில் விழ வேண்டும் என்று எத்தனை ஆயிரம் முறை நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள்! மருதாணியோ செஞ்சாந்தோ இட்ட அந்தப் பாதமும் சலங்கையும் தரையும் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஆகவே பக்க விளக்குகளில் ஒன்று தலை உயரத்தில், ஒன்று இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். தரைக்கும் கொஞ்சம் ஒளி சிந்தட்டும்.

நிறத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு உங்களுக்கு நேர்ந்தது, மலிவான மூவண்ண எல்.இ.டி. விளக்குகளால் எங்கும் நேர்வது. சிவப்புப் பொருள் சிவப்பாகத் தெரிவது, தன்மேல் விழும் ஒளியிலுள்ள சிவப்பைத் திருப்பி அனுப்புவதால். பச்சை விளக்கில் சிவப்பே இல்லை. ஆகவே பாதத்துச் செஞ்சாந்தும் உதட்டுச் சாயமும் நெற்றிக் குங்குமமும் கருப்பாகின்றன. நம் மண்ணிற மேனி சாம்பல் பூத்ததுபோல் ஆகிறது. அரக்குப் பட்டு கரிய துணியாகிறது. முகத்துக்கு வரும் விளக்கில் வண்ணமே வேண்டாம். மஞ்சள் சாயல் கொண்ட வெதுவெதுப்பான வெள்ளை மட்டும் கேளுங்கள். வண்ணம் வேண்டுமானால் பின் திரையில், அல்லது முதுகுப் பக்கத்திலிருந்து தோளின் விளிம்புக்கு மட்டும் வரட்டும்.

பட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மயில்கழுத்து நிறத்தில் பாவு ஒரு வண்ணம், ஊடை ஒரு வண்ணம். பார்க்கும் கோணத்துக்கேற்ப நீலமும் பச்சையும் மாறித் தெரிவது அதனால்தான். முன்னாலிருந்து மட்டும் அடிக்கும் விளக்கில் அது ஏதோ ஒரு நிறமாக உறைந்துவிடும். பக்கவாட்டு ஒளியில் அவள் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்தப் பட்டும் நிறம் மாறும். பெற்றோர் ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுத்த உடைக்கு இந்த நியாயத்தையாவது நாம் செய்ய வேண்டும். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். விளக்கில் முகம் தெரியாது என்று பயந்து பிள்ளைகளுக்கு வெளுத்த பவுடர் பூசாதீர்கள். கறுத்த மேனியில் பக்க ஒளி அற்புதமாக நிற்கும். கன்ன எலும்பும் தாடையும் கழுத்தும் சிற்பத்தில் காண்பதுபோல் தெளியும். விளக்கைத்தான் அவர்கள் நிறத்துக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும்.

நிறமும் வித்தையும் எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. லோயி ஃபுல்லர் 1892இல் பாரிஸில், நீண்ட பட்டுத் துணிகளைச் சுழற்றி அவற்றின் மேல் வண்ண மின்னொளியைப் பாய்ச்சி ஆடினார்; பின்னர் தரையில் பதித்த கண்ணாடி வழியே கீழிருந்து ஒளி வரவைத்துத் தீயாகவே நின்றார். துணியும் ஒளியும்தான் அந்த ஆட்டமே. நடனக் கலைஞர் உதய்சங்கர் 1940களின் தொடக்கத்தில் அல்மோராவில் ராமன் கதையைத் திரையில் விழும் நிழல்களாக ஆடவைத்தார். சேதுக்கரையில் இருக்கும் நீங்கள் ராமாயண நாட்டிய நாடகம் போடும்போது இதை நினைத்துப்பாருங்கள்: ஒரு வெள்ளைத் துணி, பின்னால் ஒரே விளக்கு, விளக்கை நெருங்க நெருங்கப் பெரிதாகும் நிழல். அனுமன் கடல் தாண்ட உருவெடுப்பதற்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

சென்னையில் நடன அமைப்பாளர் சந்திரலேகா இன்னொரு எல்லைக்குப் போனார். 1985இன் ‘அங்கிகா’ தொடங்கி அவருடைய படைப்புகளுக்கு ஒளியமைத்தவர் சதானந்த் மேனன். நகையும் நெற்றிச்சுட்டியும் பட்டு விசிறியும் இல்லாத அந்த மேடையில், முதுகெலும்பின் வளைவையும் மெதுவாக மடங்கும் முழங்காலையும் பார்வையாளர் கண்முன் கொண்டுவந்தது ஒளிதான். 2001இல் வந்த அவரது கடைசிப் படைப்பான ‘சரீரா’வில் அசைவு மிக மிக மெதுவானது. அத்தகைய ஆட்டத்தில் நிழல் ஓர் அங்குலம் நகர்வதும் நிகழ்ச்சி. வேகமாக மாறும் விளக்குகளுக்குப் பழகிய கண்ணுக்கு அது முதலில் கடினமாக இருக்கும். சில நிமிடம் பொறுத்தால் கண் கூர்மையாகிவிடும்.

இவற்றுக்கு எதிர்ப்புறத்தில் ஒரு காட்சி இருக்கிறது, அதையும் நீங்கள் பார்க்க வேண்டும். 1976இல் சத்யஜித் ராய் எடுத்த ‘பாலா’ ஆவணப்படத்தில் பரதக் கலைஞர் பாலசரஸ்வதி கடற்கரையில் ஆடுகிறார். பகல் வெளிச்சம். சேலையைப் பிடித்து இழுக்கும் காற்று. பின்னால் அலைகள். விளக்குக்காரர் செய்யக்கூடிய எதுவும் அங்கே இல்லை. கண்ணனை அழைக்கும் அந்தக் கையும் முகமும் எல்லாவற்றையும் தாங்கி நிற்கின்றன. ஒளியில் வேலை செய்கிறவர்கள் அதைப் பார்த்துத் தம் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அபிநயம் முதிர்ந்த கலைஞருக்கு நாம் தர வேண்டியது மாறாத, அமைதியான, தெளிந்த ஒரு வெளிச்சம்.

எல்லா ஆட்டத்துக்கும் இருளும் பக்க ஒளியும் வேண்டும் என்றும் கொள்ளவேண்டாம். உங்கள் விழாவில் ஒயிலாட்டமும் கரகாட்டமும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் இந்த ஆட்டங்கள் நான்கு புறமும் ஆட்கள் சூழ நடப்பவை. விடிய விடிய நடக்கும் வள்ளி திருமண நாடகத்தில் நடிகர் சபையைப் பார்த்துப் பேசுகிறார், சபை பதில் சொல்கிறது. அங்கே பார்க்கிறவர் முகமும் தெரிய வேண்டும். டியூப் லைட் வெளிச்சம் அதற்குப் பொருந்தியே இருக்கிறது. பிள்ளைகள் ஒயிலாட்டம் ஆடும்போது சபையின் விளக்கையும் பாதி ஏற்றிவிடுங்கள். கைக்குட்டை வீச்சுக்குக் கிடைக்கும் ஆரவாரத்தில் வித்தியாசம் தெரியும்.

இப்போது பட்டியல். முகத்துக்கு முன்பக்கம் இடமும் வலமும் இரண்டிரண்டாக நான்கு, பக்கத்துக்கு இரண்டு என்று இருபுறமும் சேர்த்து நான்கு, முதுகுப் பக்கம் மேலிருந்து இரண்டு. பழைய 1000 வாட் ‘பார்’ (PAR) விளக்குகள் கிடைத்தால் தோல் நிறம் அழகாக வரும். ஆனால் பத்து விளக்கு என்றால் 10 கிலோவாட், ஏறத்தாழ 43 ஆம்பியர். கல்யாண மண்டபத்து வயரிங் தாங்குமா என்று மின்பணியாளரைக் கேட்காமல் மாட்ட விடாதீர்கள். தாங்காது என்றால், வெதுவெதுப்பான வெள்ளை தரும் எல்.இ.டி. பார் விளக்குகளைக் கேளுங்கள். எதுவானாலும் டிம்மரோடு வர வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். உங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு, வியர்வையோடு ஆடுகிறார்கள். கடற்கரைக் காற்றின் உப்பு, பிளக்கையும் சாக்கெட்டையும் சீக்கிரம் அரித்துவிடும். மேடைக்கு வரும் இணைப்பில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை வெட்டும் கருவி இருக்க வேண்டும். விழா நாள் காலையில் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டுகளின் காலில் மணல் மூட்டை. பிள்ளைகள் உள்ளே வரும் வழியில் ஒரு கம்பிகூடத் தரையில் தளர்ந்து கிடக்கக்கூடாது.

திறந்தவெளியில் நடத்துவதானால் நேரத்தைச் சூரியனிடம் கேளுங்கள். உங்கள் பக்கம் மார்கழியில் மாலை 6 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஆனி மாதத்தில் 6.35 ஆகும். மறைந்து அரை மணிக்குள் இருட்டிவிடும். அதற்கு முன் மேடை விளக்கு போட்டால் வேலைக்காகாது. அந்த அரை மணியைக் கடவுள் வாழ்த்துக்கும் வரவேற்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிந்ததும் சபை விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு நிமிடமாவது ஆட்டம் தொடங்காமல் காத்திருங்கள். இருட்டுக்குக் கண் பழக நேரம் வேண்டும்.

வீடியோக்காரரிடம் ஒரு வாரம் முன்பே பேசிவிடுங்கள். படம் தெளிவாக வர வேண்டும் என்று அவர் கொண்டுவரும் ஃப்ளட் லைட் ஒன்று போதும், இவ்வளவு நேரம் நாம் பேசிய அத்தனையும் வீணாக. முன்விளக்குகளின் அளவை ஒத்திகையிலேயே அவர் கேமராவில் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும். இன்றைய கேமராக்களுக்கு அந்த ஒளி தாராளம்.

ஒத்திகை என்றதும் கடைசியாக ஒன்று. விளக்கு மேசையில் உட்காருபவர், பாட்டையும் சொல்கட்டையும் அறிந்தவராக இருக்க வேண்டும். உங்கள் மூத்த மாணவி ஒருத்தி, இந்த ஆண்டு ஆடாதவள், மைக்செட்காரர் பக்கத்தில் உட்காரட்டும். அரைமணிக்கு மேல் நீளும் வர்ணத்தில் ஜதிக்கு ஒரு விளக்கு, சாகித்தியத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். ஜதியில் பக்க ஒளி சற்று ஏறலாம், சாகித்தியத்தில் முக ஒளி சற்று ஏறலாம். மாறியதே யாருக்கும் தெரியக்கூடாத அளவு. பதத்துக்கு மேடையைச் சுருக்கி நடுவில் மட்டும் ஒளி. தில்லானாவுக்கு எல்லா விளக்கும், முழு அகலத்துக்கு.

உருப்படிகளின் வரிசையையும், ஒவ்வொரு பிள்ளையின் உடை நிறத்தையும், மேடையின் நீள அகலத்தையும் எழுதி அனுப்புங்கள். எந்த இடத்தில் எந்த விளக்கு என்று வரைந்து அனுப்புகிறேன். விழாவுக்கு முதல் நாள் மாலையே மண்டபத்தில் ஒத்திகைக்கு இடம் கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.